மைக்கில் அவளுக்கு விட்ட இடம்

குபேனா நடனக் கூடத்தின் முன்னால் கார் வந்து நின்றபோது மதியம் ஒரு மணி. டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் நாய்கூட நிழலை விட்டு எழுந்து குரைக்காது. லியோட்டா பர்டெட் இறங்கி, முதுகோடு ஒட்டிப்போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் புருஷன் ஆர்வெல் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உள்ளயே வெந்து சாகப் போறியா?" என்று கேட்டாள்.

"நீ போ. வர்றேன்."

நூறு மைல் பயணத்தில் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. நாலு வருடமாக இந்தக் கூடத்துக்கு வராமலிருக்க அவன் சொல்லாத சாக்கு இல்லை. கூரை ஒழுகுகிறது என்பான். மேடை மேல் பாட்டில் எறிகிற முரட்டுக் கூட்டம் என்பான். பாட்டில் எறியாத கூடம் அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மேடைக்கு முன்னால் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டிக்கொண்டுதான் பாதி ஊர்களில் பாடுகிறார்கள். ஆனால் இந்தத் தடவை கூடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரேடியோக்காரர்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு நேரடி ஒலிபரப்பு, மூன்று மாநிலங்களுக்குக் கேட்கும். லியோட்டா அவனைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

ரேடியோக்காரர்கள் கேட்டது ஒரே பாட்டைத்தான். 'மேசை மேல மூணு கோப்பை.'

அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் அங்கே கிடையாது. எண்ணெய்க் கிணற்று ஆட்கள், பருத்தி லாரி ஓட்டுகிறவர்கள், புருஷனை விட்டு வந்தவள், பெண்டாட்டி விட்டுப் போனவன் என்று எல்லாரும் ஜூக்பாக்ஸ் என்கிற பாட்டுப் பெட்டியில் காசு போட்டு அதைக் கேட்டுத் தங்கள் பீரில் கண்ணீர் சிந்துவார்கள். 1952-ல் அதைப் பாடியவர்கள் இரண்டு பெண்கள். எழுதியதும் முன்குரல் பாடியதும் நெல்டா க்ரெயின். அவள் தோளை ஒட்டி நின்று, அவள் குரலுக்கு மேலே இழைந்து துணைக்குரல் பாடியவள் லியோட்டா. பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டாரை அழவைத்தவன் ஆர்வெல்.

மேசை மேல கோப்பை மூணு, வீட்டுல ஆளு ரெண்டு,
மிச்சக் கோப்பை ஓரத்துல உதட்டுச் சாயம் உண்டு.

அவ்வளவுதான் பாட்டு. இரண்டே சரணம்.

அடுத்த வருடம் மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, மூன்று பேரும் நாஷ்வில்லுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த நாட்டிலேயே பெரிய மேடை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்வெல் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: நெல்டா யாரோ ஒரு எண்ணெய்க் கிணற்றுக்காரனோடு ஓடிப்போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. லியோட்டா மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கூடவே இருந்து குழி பறித்துவிட்டாளே பாவி என்று அழுதாள். பிறகு அழுகை வற்றிப்போய் வெறுப்பு மட்டும் மிஞ்சியது. நெல்டா முன்பு எழுதியிருந்த கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டாள். மற்றப் பாட்டுகளைப் பாடினாள். அந்தப் பாட்டை மட்டும் வாயில் எடுக்கவில்லை.

இன்று அதை எடுக்க வந்திருந்தாள். தனியாகப் பாடி, முழுசாகத் தன்னுடையதாக்கிக்கொண்டு, நெல்டா என்கிற பெயரைத் துடைத்துப் போட்டுவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கூடத்துக்குள் நடுப்பகலிலும் இருட்டு. ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். குடிக்க வருகிறவனுக்கு வெளியே மணி என்ன என்று தெரியக்கூடாது அல்லவா. ஊறிய பீர் வாடை, பழைய சிகரெட் வாடை. ஒரே ஒரு விளக்கின் கீழ் கூடத்தின் சொந்தக்காரி வில்மா குபேனா, இடுப்பில் ஒரு வாளியை அணைத்துக்கொண்டு, மரத்தரை முழுக்க மக்காச்சோள மாவைத் தூவிக்கொண்டிருந்தாள். மாவு போட்டால்தான் பூட்ஸ் கால்கள் வழுக்கிக்கொண்டு ஆடும்.

"தரையை மிதிச்சுடாதே கண்ணு, சுவரோரமா வா," என்றாள் வில்மா. "இப்பத்தான் போட்டு முடிச்சேன்."

லியோட்டா சுவரோரமாக நடந்து மேடை ஏறினாள். அகலமான, நல்ல மேடை. நெல்டா போன அதே ஞாயிற்றுக்கிழமை ஆர்வெல் தன் கையால் பலகை அடித்து முன்பக்கம் நீட்டிக் கொடுத்த மேடை. 'உன் பாவாடை விசிறி ஆட இடம் வேணும்ல' என்று அப்போது சொன்னான். அந்தத் துக்கத்திலும் அவளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

ரேடியோக்காரர்கள் மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். லியோட்டா அதன் முன்னால் போய் நின்றாள். நின்றபோதே தெரிந்தது, மறுபடியும் அதே தப்பைச் செய்கிறோம் என்று. அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கு ஒரே மைக். முன்குரல்காரி இடது பாதியில், துணைக்குரல்காரி வலது பாதியில். கன்னத்தோடு கன்னம் உரசும். நாலு வருடம் தனியாகப் பாடியும் லியோட்டாவின் கால்கள் வலது பாதியில்தான் போய் நின்றன. இடது பாதியை யாருக்கோ விட்டுவைத்த மாதிரி. ஆர்வெல் அதைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பான்.

சரி போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு மெல்ல எடுத்தாள். துணைக்குரலை அல்ல, முன்குரலை. முதல் வரி. இரண்டாவது வரி.

கிராம்பு மணம் வந்தது.

நெல்டா பாடுவதற்கு முன்னால் கிராம்புச் சூயிங்கத்தை மெல்லுவாள். தொண்டைக்கு நல்லது என்பாள். யாரோ பக்கத்தில் நின்று மென்றுகொண்டே மூச்சு விடுகிற மாதிரி அந்த மணம் லியோட்டாவின் இடது கன்னத்தில் பட்டது. குளிர்ந்த மூச்சு. அவள் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் நினைத்தாள், வாய் கேட்கவில்லை. முன்குரலைப் பாடிக்கொண்டிருந்த அவள் தொண்டை தானாகவே மேலே ஏறி, பழைய துணைக்குரலுக்குப் போனது. ஆனாலும் முன்குரல் விட்டுப்போகவில்லை.

அதை வேறு யாரோ பாடினார்கள்.

தரையைப் பார்த்துக் குனிந்தபடியே வில்மா சொன்னாள்: "நாலு வருஷம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு பேரும் அப்படியே பாடறீங்க."

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மேடையில் ஒருத்திதான் நிற்கிறாள் என்பதைப் பார்த்தாள். வாளி கையிலிருந்து நழுவி உருண்டது.

லியோட்டா கண்ணைத் திறந்தாள். அந்த வெக்கையில், மைக்கின் வெள்ளி நிற முகத்தில், இடது பாதியில் மட்டும் பனி படர்ந்திருந்தது. குளிர்காலக் காலையில் கார்க் கண்ணாடியில் படர்கிற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது.

"கண்ணு," என்றாள் வில்மா மிக மெதுவாக. "தரையைப் பாரு."

யாரும் மிதிக்காத மாவில் பூட்ஸ் தடங்கள் இருந்தன. சின்னக் கால், பெண்ணின் கால். மேடையின் அடியிலிருந்து கிளம்பி, கூடத்தை ஒரு முழு வட்டம் சுற்றி, மேடைக்கே திரும்பியிருந்தன. நடந்த தடம் இல்லை அது. இரண்டு எட்டு விரைவாக, இரண்டு எட்டு நிதானமாக, ஆடிப்போன தடம். கதவிலிருந்து உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஊர்க் கூடங்களில் எல்லா ஜோடியும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுற்றும். எழுதாத சட்டம் அது. குடிகாரன்கூட அதை மீற மாட்டான். மீறினால் முழங்கையால் இடித்தே வெளியே தள்ளிவிடுவார்கள். இந்தத் தடங்கள் மாறிச் சுற்றியிருந்தன.

வில்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். உள்ளே வைத்திருந்ததைக் கொட்டுகிறவள் போல, அந்தப் பெண் எந்த எண்ணெய்க் கிணற்றுக்காரனோடும் போகவில்லை என்று தான் எப்போதும் நினைத்ததாகச் சொன்னாள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று லியோட்டா கேட்டாள்.

"ஏன்னா அவளுக்கு ஆர்வெல் மேல அவ்வளவு பைத்தியம்."

லியோட்டாவுக்கு அந்த வார்த்தைகள் உடனே உள்ளே இறங்கவில்லை.

"என் ஆர்வெலா?"

"எல்லாருக்கும் தெரியும் கண்ணு. பிடில்காரனுக்குத் தெரியும், பீர் ஊத்தறவனுக்குத் தெரியும். அந்தப் பாட்டே உங்க மூணு பேரைப் பத்தித்தானே. நீயும் தெரிஞ்சுதான் பாடறேன்னு நினைச்சோம். ராத்திரிக்கு ராத்திரி சிரிச்ச முகமா நின்னு பாடுறாளே, என்ன நெஞ்சழுத்தம் இவளுக்குன்னு உன்னைப் பத்திப் பெருமையாப் பேசிக்குவோம்."

அவமானம் என்றால் அதுதான் அவமானம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஊரே பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரிமாறியவள் மட்டும் பார்க்கவில்லை. லியோட்டாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆர்வெலை இழுத்து வந்து கேட்டிருப்பாள். ஆனால் அதற்குள் ரேடியோ ஆட்கள் வந்துவிட்டார்கள், பிடில்காரன் வந்துவிட்டான், வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிற சத்தம் எழுந்தது. வில்மா துடைப்பத்தை எடுத்து அந்தத் தடங்களை அவசர அவசரமாகக் கலைத்தாள். ஆர்வெலும் ஒருவழியாக உள்ளே வந்து, ஸ்டீல் கிட்டாரை மேடையின் பின்பக்கப் பலகை மேல் போட்டு உட்கார்ந்தான். தான் நீட்டிய முன்பகுதியின் மேல் அவன் கால் வைக்கவில்லை. அதை இப்போதுதான் லியோட்டா கவனித்தாள்.

நாலு மணி. இருநூறு பேர் இருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, அறிவிப்பாளன் பெயர் சொன்னான், கூட்டம் விசிலடித்தது. அவள் மைக்கின் முன்னால் போய், வேண்டுமென்றே நடுவில் நின்றாள்.

முதல் வரியிலேயே ஒரு தோள் அவளை மெல்ல வலப்பக்கம் நகர்த்தியது.

முரட்டுத்தனமாக அல்ல. பழகிய தோள், உரிமையோடு நகர்த்தியது. இரண்டு குரலும் எழுந்தன. கூட்டம் சந்தோஷத்தில் கத்தியது. ரேடியோக்காரர்கள் ஏதோ பழைய இசைத்தட்டை வைத்து வித்தை செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஜோடிகள் தரையில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தன. முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. பாட்டு அங்கே முடிய வேண்டும்.

முடியவில்லை.

மிச்சக் கோப்பை என் கோப்பை, நீதான் ஊத்தித் தந்தே,
சர்க்கரை ரெண்டு போடவான்னு கேட்டுக்கிட்டே வந்தே.

அப்படி ஒரு சரணம் இருப்பதை லியோட்டா கேட்டதே இல்லை. ஆனால் நெல்டாவுக்குச் சர்க்கரை இரண்டு. வாரத்தில் நாலு காலை அவள் லியோட்டாவின் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். லியோட்டாதான் காபி ஊற்றுவாள், லியோட்டாதான் கலக்குவாள், எதிரே ஆர்வெல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

அவளைக் கொன்றது அந்த வரிகூட இல்லை. ஸ்டீல் கிட்டார். தெரியாத சரணத்துக்கு அது திணறியிருக்க வேண்டும், நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் குரலுக்கு அரைநொடி முன்னால் போய்க் காத்திருந்தது. இந்தச் சரணத்தை ஆர்வெல் முன்பே கேட்டிருக்கிறான். அந்தரங்கமாக, பல தடவை.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. கைகள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தன.

கீழே சத்தம் மாறியது. பூட்ஸ்கள் உரசுகிற சத்தம். தரையில் இருந்த அத்தனை ஜோடிகளும், ஒருவரோடு ஒருவர் இடிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், திசை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. நூறு முகங்கள். ஒன்றிலும் உயிர் இல்லை. மாவு புகையாக எழுந்தது, கிராம்பு வாசனை அடித்தது. கதவருகே வில்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடிந்தது. ஜோடிகள் நின்றன. சிரித்தன, கைதட்டின. மாறிச் சுற்றியது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒலிபரப்பு முடிந்ததும் ஜனங்கள் புகைபோட்ட இறைச்சி சாப்பிட வெளியே மரத்தடிக்குப் போனார்கள். கூடம் காலியானது. ஆர்வெல் எழுந்திருக்கவில்லை. லியோட்டா அவன் எதிரே போய் நின்று, அந்த மூன்றாவது சரணத்தை எப்போது கேட்டாய் என்றாள்.

அவன் மறைக்க முயலவில்லை. அதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. கீழே தரையைப் பார்த்துக்கொண்டே, கிசுகிசுப்பாகச் சொன்னான். இந்தக் கட்டடம் முன்பு பருத்தி ஆலையாக இருந்தபோது கட்டிய மழைநீர்த் தொட்டி ஒன்று மேடைக்கு முன்னால் தரைக்கு அடியில் இருந்தது. கிணறு மாதிரி ஆழம். நாஷ்வில் பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, வில்மா பயன்படுத்தாமல் மூடியே வைத்திருந்த அந்தத் தொட்டி, பழுது பார்ப்பதற்காகத் திறந்து கிடந்தது.

"உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்னா. நாஷ்வில்ல உன் பக்கத்துல நின்னுக்கிட்டே அந்தச் சரணத்தைப் பாடப் போறேன்னா. பிடிச்சுத் தள்ளிட்டேன். வேணும்னு பண்ணல லியோட்டா."

"உடனே செத்துட்டாளா?"

அவன் கிட்டாரின் தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான்.

"ஆர்வெல். உடனே செத்துட்டாளா?"

"மறுநாள் காலையில வந்தேன். உள்ள பாடிட்டு இருந்தா. யாராவது கேப்பாங்கன்னு."

"நீ என்ன பண்ணே?"

"மேடையை நீட்டினேன்."

தன் பாவாடை விசிறியாடுவதற்காக என்று அவள் அவனுக்கு முத்தம் கொடுக்கக் காரணமான பலகைகள். அவற்றின் மேல் தன் கால் இருப்பது நினைவு வந்ததும் பின்வாங்கினாள். அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் மேல் கோபம்கூடப் பெரிதாக இல்லை. நாலு வருடம் தான் சபித்த அந்தப் பெண்ணை நினைத்துத்தான் நெஞ்சு வெடித்தது. ஓடிப்போகவில்லை அவள். தப்புச் செய்தாள்தான், ஆனால் ஒப்புக்கொள்ள நினைத்தாள். அதற்காகச் செத்தாள். இப்போதும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். என் நெல்டா என்னை விட்டுப் போகவில்லை!

"திற," என்றாள்.

காரிலிருந்து டயர் கழற்றுகிற கம்பியை அவனே எடுத்து வந்தான். சொன்னதைச் செய்கிற பொம்மை மாதிரி ஆகியிருந்தான். ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. ஒரு பலகை. இரண்டு. மூன்று. அடியில் மூடியின் விளிம்பு தெரிந்தது. அதை இருவருமாகத் தள்ளினார்கள்.

கீழே கறுப்பு. அதிலிருந்து குளிர் எழுந்தது. கிராம்பு.

பிறகு, வெகு ஆழத்திலிருந்து, முன்குரல் மட்டும்.

மேசை மேல கோப்பை மூணு...

லியோட்டா மேடையில் குப்புறப் படுத்தாள். அழுதுகொண்டே கையைத் தோள்வரை உள்ளே நீட்டினாள்.

"நெல்டா. நான்தான். எனக்கு இப்பத்தான் தெரியும். நான் மன்னிச்சிட்டேன் கண்ணு, கையைக் குடு."

பாட்டு நின்றது.

ஈரமான விரல்கள் அவள் உள்ளங்கையைத் தொட்டன. மெல்லத் தடவின. விரல் விரலாகத் தடவிக் கல்யாண மோதிரத்துக்கு வந்தன. அங்கே நின்றன.

பிறகு அந்தக் கையை ஒதுக்கிவிட்டன.

அலமாரியில் வேண்டிய துணியைத் தேடுகிறவள், வேண்டாத துணியை ஒதுக்குகிற மாதிரி. அவ்வளவு அலட்சியமாக.

"ஆர்வெல்," என்றது உள்ளேயிருந்து.

கோபமாகக் கூப்பிட்டிருந்தால் லியோட்டா தாங்கியிருப்பாள். பழி வாங்க வந்த குரலாக இருந்திருந்தால் கைகொட்டியிருப்பாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து புருஷனைக் கூப்பிடுகிற பெண்ணின் குரல் அது. அந்தத் தொனியில் லியோட்டாவே ஆயிரம் தடவை அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒப்புக்கொள்ளவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவள் வந்தது லியோட்டாவுக்காகவே இல்லை.

ஆர்வெல் மண்டியிட்டான். அவன் முகத்தில் இருந்த சாம்பல் போய்விட்டது. இருபது வயதுப் பையனைப் போல் இருந்தான். வாழ்க்கையில் ஒரு வரிகூடப் பாடாதவன், கழுதை கத்துகிற மாதிரி இருக்கும் என்று தானே சிரிப்பவன், வாயைத் திறந்து பாடினான். தப்பே இல்லாமல். நெல்டாவின் குரலுக்கு மேலே இழைந்து.

அது லியோட்டாவின் பங்கு.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "போகாதே," என்றாள். கொலைகாரன், துரோகி, எல்லாம் தெரிந்தும் அதைத்தான் சொன்னாள், அந்தக் கேவலத்தை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் தூங்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. படுக்கையில் இறங்குகிற மாதிரி, சிரித்தபடி, காலை முன்னால் விட்டு இறங்கிப் போனான். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்த வில்மாவின் கூச்சல் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஷெரிப் ஏணி போட்டு விளக்கோடு இறங்கினார். பன்னிரண்டு அடி. உள்ளே எலும்பும் இல்லை, ஆளும் இல்லை. அடியில் படிந்திருந்த மெல்லிய சேற்றில் இரண்டு ஜோடி பூட்ஸ் தடங்கள் மட்டும், ஒன்றோடு ஒன்று நெருங்கி, மாறிய திசையில், வட்டம் வட்டமாக. ஷெரிப் மேலே வந்து கையைத் தட்டிக்கொண்டார். புருஷன் எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக்கொண்டார். ஊரும் அதையே பேசியது.

அக்டோபர் மாதம் லியோட்டா மறுபடி பாடக் கிளம்பினாள். வேறு என்ன செய்வாள்? போகிற வழியில், ஒரு காலை வேளையில், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினாள். வெளியே நல்ல வெளிச்சம், பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. பரிமாறுகிற பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அவள் முட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜூக்பாக்ஸில் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

ஸ்டீல் கிட்டார் அழுதது. நெல்டா பாடினாள். அவளுக்கு மேலே, இழைந்து, ஒரு ஆண்குரல்.

லியோட்டாவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"என்ன அழகா பாடறாங்க பாத்தீங்களா மேடம்," என்றாள் அந்தப் பெண். "புருஷனும் பெண்டாட்டியும். பள்ளிக்கூடத்துல படிக்கறப்பலேர்ந்து கேக்கறேன், அலுக்கவே மாட்டேங்குது."

"இதைப் பாடினது ரெண்டு பொம்பளைங்க," என்றாள் லியோட்டா.

"இல்லையே மேடம். எப்பவும் இவங்கதான்."

லியோட்டா எழுந்து போய்ப் பெட்டியின் கண்ணாடிக்குள் பார்த்தாள். பழுப்பேறிய சீட்டு. நெல்டா, ஆர்வெல் என்று இரண்டு பெயர்கள். எத்தனையோ வருடம் முன்னால் அச்சடித்த எழுத்து. அந்தப் பெண்ணுக்குப் பாடிக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இதோ, இது என் குரல் இருந்த இடம், இப்படித்தான் போகும் என்று வாயைத் திறந்தாள். எத்தனை நூறு தடவை பாடிய துணைக்குரல் அது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று ஒன்றும் நினைவில் இல்லை. அவள் பாடவே பாடாத பாட்டு மாதிரி இருந்தது.

இரண்டு சரணம் முடிந்தது. மூன்றாவதும் வந்தது. அது அவள் கூடத்தில் கேட்டது அல்ல. கடைக்காரப் பெண் மேசையைத் துடைத்துக்கொண்டே, மனப்பாடமாக, இரண்டு குரல்களோடும் சேர்ந்து பாடினாள்.

மேசை மேல கோப்பை மூணு, நாங்க இங்கே ரெண்டு,
லியோட்டாவுக்கு ஒண்ணு வச்சோம், வருவா தேடிக்கிட்டு.

"அந்த லியோட்டா கடைசியில அவங்ககிட்டப் போனாளா இல்லையான்னு பாட்டுல சொல்லவே இல்ல," என்றாள் அந்தப் பெண். "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?"